ஒரே வீட்டில் மெலிந்த தங்கை, எடை கூடிய அண்ணன்: வாயையும் எடையையும் சேர்த்துப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளி மருத்துவப் பரிசோதனை நாளில் எடைக் கருவி ஒரு மூலையில் இருக்கும், பல் பார்க்கும் நாற்காலி இன்னொரு மூலையில் இருக்கும். எடை பார்ப்பவர் எழுதும் தாள் வேறு, பல் மருத்துவர் எழுதும் தாள் வேறு. பெரும்பாலும் அந்த இரண்டு தாள்களும் ஒரே கோப்புக்குள் போய்ச் சேர்வதே இல்லை. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்த ஆய்வு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் அண்ணனும் தங்கையும் ஒரு குடும்பத்தின் கோப்பிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவர்கள் இல்லை. குழந்தைகள் பல் மருத்துவத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் நிலைகளை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து எழுதியிருக்கிறேன். அவர்களுடைய எடை, உயரம் எல்லாம் அந்த வயதுக்கும் நிலைக்கும் பொருந்தும்படி வைத்த எண்கள். நடந்த ஆய்வுகள் என்று சொல்லும் இடத்தில் வருபவை உண்மையான ஆய்வுகள்.

தங்கை

வயது 7. உயரம் 117 செ.மீ., எடை 17.2 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்ணான பிஎம்ஐ 12.6. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் ஏழு வயதுப் பெண் குழந்தைக்கு நடு அளவு 15.4. குழந்தையின் பிஎம்ஐ 12.7-க்குக் கீழே போனால் 'மெலிவு' என்ற வகையில் சேர்ப்பார்கள். இவள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றாள்.

அம்மாவிடம் கேட்டபோது, "சின்னதிலிருந்தே இப்படித்தான் டாக்டர். தட்டு முன்னாடி உட்கார்ந்தா ஒரு மணி நேரம் ஆகும். பசிக்கலன்னு சொல்லிடுவா" என்றார். பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது. பசி எடுக்க டானிக் கொடுத்தாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 இருந்தது, ஐந்து முதல் பதினொரு வயது வரை 11.5-ஆவது இருக்க வேண்டும். இரும்புச்சத்து மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாயை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. அம்மாவும் பல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் குழந்தை ஒருநாளும் பல் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அவள் வாயைத் திறந்து பார்த்தேன். எட்டுப் பால் பற்களில் சொத்தை. அதில் இரண்டில் நரம்பு வரை இறங்கிவிட்டது. இடது கீழ்க் கடைவாய்ப் பால் பல்லுக்கு அருகே ஈறில் பட்டாணி அளவுக்கு ஒரு சீழ்க்கொப்புளம். அதைவிட எனக்கு அதிகம் சொன்னது வேறொன்று. வலது பக்கப் பற்கள் ஓரளவு சுத்தமாக இருந்தன. இடது பக்கப் பற்களின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகத் தடித்த படலம், விரலால் சுரண்டினால் வழிந்து வரும் அளவுக்கு. மெல்லும் உணவு உரசிக்கொண்டே இருக்கும் பக்கத்தில் அழுக்கு இவ்வளவு தேங்குவதில்லை. அந்தப் படலத்தைப் பார்த்தாலே போதும், குழந்தை எந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டாள் என்று தெரிந்துவிடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஓர் ஆப்பிள் துண்டைக் கையில் கொடுத்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பல்லால் கடிக்கப் போனாள். அங்கே இரண்டு பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் பாதிதான் வந்திருந்தன, பிடிப்பு இல்லை. துண்டை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் மெதுவாக ஒரு கடி கடித்தாள். மெல்லவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். எச்சிலில் ஊறி அது மென்மையாகும்வரை காத்திருந்தாள். அப்புறம் நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்கி, சாற்றை விழுங்கினாள். சக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். ஒரு சின்னத் துண்டுக்கு நான்கு நிமிடம் ஆனது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஏன் ஆகிறது என்பதை அந்த நான்கு நிமிடம் விளக்கிவிட்டது.

"கண்ணா, வலிக்குதா?" என்று கேட்டால் தலையை இல்லை என்று ஆட்டினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாலு வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய வலி அது. வலி இல்லாத வாய் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நினைவே இல்லை. மெல்லுவதென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அவள் அகராதியில் அதற்குப் பெயர் 'பசிக்கல'. அதனால் இந்த வயதுக் குழந்தைகளிடம் வலிக்கிறதா என்று நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் மெல்லுகிறாய், எந்தச் சாப்பாடு பிடிக்காது, ராத்திரி எழுந்துகொள்கிறாயா என்று கேட்டால் பதில் வந்துவிடுகிறது. இவள் வாரத்தில் இரண்டு மூன்று இரவு அழுதுகொண்டே எழுவாளாம். கெட்ட கனவு என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

அண்ணன்

அண்ணனைப் பார்க்கச் சொல்லி யாரும் அழைத்து வரவில்லை. தங்கைக்குத் துணையாக வந்து நாற்காலி ஓரத்தில் நின்றான். கையில் இனிப்புப் பானம் நிரப்பிய பாட்டில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய். வயது 11, உயரம் 143 செ.மீ., எடை 44 கிலோ, பிஎம்ஐ 21.5. இந்த வயது ஆண் குழந்தைக்கு 19.9-ஐத் தாண்டினால் அதிக எடை, 22.5-ஐத் தாண்டினால் உடல்பருமன். இவன் நடுவில் இருந்தான்.

"இவன் நல்லா சாப்பிடுவான் டாக்டர், இவனைப் பத்திக் கவலையே இல்ல" என்றார் அம்மா.

அவன் வாயிலும் நல்ல செய்தி இல்லை. ஈறு ஓரத்தில் கருவியை வைத்தவுடன் ரத்தம் கசிந்தது. ஆறு வயதில் முளைக்கும் நான்கு கடைவாய்ப் பற்களிலும் சொத்தை தொடங்கியிருந்தது, ஒன்றில் ஆழம் அதிகம். இந்தப் பல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற பல் இது. அதனால் இதையும் பால் பல் என்றே பல பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள், விழுந்து வேறு பல் வரும் என்று விட்டுவிடுகிறார்கள். வராது. வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது.

இரண்டு பேரும் காலையில் தாங்களே பல் தேய்ப்பார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரவில் தேய்க்கும் வழக்கமே இல்லை. தங்கைக்குப் படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். அண்ணனுக்கு இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் படிக்கும் மேசையில் பிஸ்கட், பானம், தூங்கும்வரை.

ஒரே காரணம், இரண்டு எடை

ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே பற்பசை. ஒருத்தி மெலிந்தாள், ஒருவன் பருத்தான். முதலில் கேட்கும்போது முரண்பாடாகத் தோன்றும். வாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் முரண்பாடு இல்லை.

பல்லின் மேல் படியும் படலத்தில் வாழும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடும். வாயில் அமிலத்தன்மை ஏறி பிஎச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமலில் உள்ள தாது கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒரு பாட்டில் பானத்தை ஒரே மூச்சில் குடித்தால் ஒருமுறை இந்தச் சுழற்சி. அதையே மாலை முழுக்க வாய் வாயாக உறிஞ்சினால் பல் அமிலத்திலேயே ஊறிக் கிடக்கும். இரவில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் தேய்க்காமல் படுத்த வாயில் கடைசியாகப் போன இனிப்பு விடியும்வரை வேலை செய்யும். சொத்தைக்கு எவ்வளவு இனிப்பு என்பது மட்டும் கணக்கு இல்லை, எத்தனை தடவை, எந்த நேரம் என்பதும் கணக்கு.

அண்ணனுக்கு அந்தத் தடவைகள் ஒவ்வொன்றும் கலோரியாகவும் உடம்பில் ஏறின. நாளுக்கு 1600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு, சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். 10 சதவீதம் என்றால் 40 கிராம். 330 மி.லி. இனிப்புப் பானம் ஒன்றிலேயே சுமார் 35 கிராம் இருக்கும். அந்த ஒரு பாட்டிலோடு நாளின் அளவு கிட்டத்தட்ட முடிந்துபோகிறது.

தங்கை வேறு பாதையில் போனாள். அவளுக்குச் சொத்தை சின்ன வயதிலேயே வந்து ஆழமாக இறங்கிவிட்டது. மென்றால் வலி, அதனால் மெல்ல வேண்டியதை எல்லாம் ஒதுக்கினாள். மெல்லத் தேவையில்லாத மென்மையான, இனிப்பான உணவு மட்டும் உள்ளே போனது. அதில் சத்து குறைவு, சொத்தைக்கோ தீனி அதிகம். தூக்கம் உடைந்தது. வளர்ச்சி ஹார்மோன் பெரும்பகுதி ஆழ்ந்த உறக்கத்தில்தான் சுரக்கிறது. வேர் நுனியில் மாதக்கணக்கில் சீழ் தங்கியிருந்தால் உடம்பு அதோடு ஓயாமல் போராடிக்கொண்டிருக்கும். நீடித்த அழற்சி பசியை மந்தமாக்கும், இரும்புச்சத்தை உடம்பு பயன்படுத்துவதையும் தடுக்கும். அவளுடைய ஹீமோகுளோபின் 10.4-ஆகக் குறைந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்பது என் கணிப்பு. சாப்பாட்டில் இரும்பு குறைந்ததே பெரிய காரணமாகவும் இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு என்பதை மறக்கக்கூடாது. பல் உருவாகும் பருவத்தில் ஊட்டச்சத்து கடுமையாகக் குறைந்தால் எனாமலே குறையோடு உருவாகும், எச்சிலும் குறையும், அப்புறம் சொத்தை எளிதாகப் பிடிக்கும். மெலிவு சொத்தையைக் கொண்டுவந்ததா, சொத்தை மெலிவைக் கொண்டுவந்ததா என்று ஒரே ஒரு நாள் பரிசோதனையில் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இவளைக் குழந்தைநல மருத்துவரிடமும் அனுப்பினேன். மெலிந்த குழந்தைக்கெல்லாம் பல்தான் காரணம் என்று நினைப்பது, பல்லைப் பார்க்காமலே டானிக் எழுதுவதைப் போன்ற தவறுதான்.

ஆய்வுகள் எதுவரை நம்மோடு வருகின்றன

அமெரிக்காவில் 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கடுமையான சொத்தை உள்ள சிறு குழந்தைகள் சொத்தை இல்லாத குழந்தைகளைவிட எடை குறைவாக இருப்பதைக் காட்டியது. அந்த ஆய்வின் முதல் ஆசிரியரும் வேறு சிலரும் 1999-இல், பற்களுக்கு முழுமையாகச் சிகிச்சை செய்த பிறகு குழந்தைகள் விட்ட எடையைப் பிடிப்பதைப் பதிவு செய்தார்கள். பிலிப்பைன்ஸில் 2006-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், பல்லால் சீழ்த்தொற்று வந்திருந்த 12 வயதுக் குழந்தைகளிடம் பிஎம்ஐ குறைவாக இருக்கும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அங்கேயே எடை குறைந்த குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நரம்புவரை கெட்ட பால் பற்களை முதலிலேயே பிடுங்கிப் பார்த்தார்கள். பிடுங்கிய குழுவில் எடையும் பிஎம்ஐயும் கூடின.

இதோடு நிறுத்திக்கொண்டால் கதை அழகாக இருக்கும், ஆனால் முழுமையாக இருக்காது. சூரினாமில் ஆறு வயதுக் குழந்தைகளிடமும் சவூதி அரேபியாவில் ஆறிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகளிடமும் இதேபோலச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தபோது, எடையிலும் உயரத்திலும் சொல்லும்படியான மாற்றம் வரவில்லை. சவூதி ஆய்வில் குழந்தைகளின் வலி குறைந்தது, பசி கூடியது. எடைக் கருவியில் மட்டும் அது தெரியவில்லை.

2004 முதல் 2011 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மீளாய்வு, சொத்தை எடை குறைந்த பக்கத்தோடும் தொடர்புபடுகிறது, எடை கூடிய பக்கத்தோடும் தொடர்புபடுகிறது என்றது. ஆய்வுகள் ஏன் இப்படி எதிரெதிராகப் பேசுகின்றன என்று பலர் குழம்புகிறார்கள். எனக்கு இந்த வீடே பதில் சொல்கிறது. அண்ணனையும் தங்கையையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால் பிஎம்ஐ 17 வரும், எடைக்கும் வாய்க்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேருமே வாயால் பாதிக்கப்பட்டவர்கள்.

அதனால் பெற்றோரிடம் நான் ஒரு வாக்கு மட்டும் கொடுப்பதில்லை. பல்லைச் சரிசெய்தால் எடை ஏறும் என்று சொல்ல மாட்டேன். வலி போகும், மெல்ல முடியும், தூங்க முடியும் என்று சொல்வேன். எடை ஏறாவிட்டாலும் அந்த மூன்றும் ஒரு குழந்தைக்குச் சேர வேண்டியவை. உலகத்தில் பால் பல் சொத்தையோடு 50 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. அத்தனை பேருக்கும் எடையைக் காட்டித்தான் சிகிச்சை வாங்கித் தர வேண்டும் என்ற நிலை இருந்தால் அது நம் குறை.

என்ன செய்தோம்

முதல் வருகையில் தங்கையின் சீழ்ப்பிடித்த பல்லைப் பிடுங்கினோம். பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் அடைபடாமல் இருக்க அங்கே ஓர் இடக்காப்புக் கம்பி வைத்தோம். காய்ச்சலோ முகவீக்கமோ இல்லாததால் ஆன்டிபயாடிக் தரவில்லை. நரம்புவரை போன இன்னொரு பல்லில் உயிருள்ள நரம்பு மிச்சம் இருந்தது. மேல்பகுதியை மட்டும் நீக்கி மருந்து வைத்து எஃகுத் தொப்பி போட்டோம். மற்றவற்றை மூன்று வருகைகளில் அடைத்தோம். புதிதாக முளைத்திருந்த ஆறு வயதுப் பற்களின் பள்ளங்களைப் பூச்சால் மூடினோம். அண்ணனுக்குப் பல்லில் இறுகிப் படிந்த காரையை எடுத்து நான்கு பற்களையும் அடைத்தோம். இருவருக்கும் சொத்தையைத் தடுக்கப் பல்லின் மேல் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினோம்.

கஷ்டமான பகுதி நாற்காலிக்கு வெளியே இருந்தது. ஏழு எட்டு வயதுவரை குழந்தையின் கைக்குப் பின்பற்களைச் சரியாகத் தேய்க்கும் லாவகம் வராது. தங்கைக்கு இரவில் அம்மாவோ அப்பாவோதான் தேய்த்துவிட வேண்டும் என்று சொன்னேன். அம்மாவின் மடியில் அவள் தலையைச் சாய்க்க வைத்து, கன்னத்தை ஒரு விரலால் விலக்கி, ப்ரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் வைத்துக் காட்டினேன். "இத்தனை நாளா பல்லோட மேல்பக்கம் மட்டும்தான் தேய்ச்சிருக்கேன்" என்றார் அவர், ப்ரஷைத் தன் கையில் வாங்கிக்கொண்டே. ஆயிரம் பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையாத ஃபுளோரைடு உள்ள பற்பசை, பட்டாணி அளவு, இரண்டு நிமிடம். தேய்த்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடு பெருமளவு போய்விடும்.

அப்புறம் ஒரே ஒரு விதி வைத்தோம். இரவு ப்ரஷ் வாய்க்குள் போய்விட்டால் அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான். பட்டியல் போட்டு எதையும் தடை செய்யவில்லை. உடம்பைக் குறை, குண்டாக இருக்கிறாய் என்ற பேச்சே அண்ணனிடம் எடுக்கக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். எடையைச் சொல்லித் திட்டப்படும் குழந்தை ஒளிந்து சாப்பிடக் கற்றுக்கொள்ளும். பல்லைக் காரணம் காட்டினால் அவனுக்கு அவமானம் இல்லை. பல் தேய்ப்பதால் ஒரு கிராம் கொழுப்பும் கரையாது. ஆனால் எட்டரை மணிக்குத் தேய்த்த பல், பத்து மணி பிஸ்கட்டை நிறுத்திவிடும். தவறாமல் பல் தேய்க்கும் குழந்தைகளிடம் எடை சீராக இருப்பதாகச் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதவடைப்புதான் நினைவுக்கு வருகிறது. ப்ரஷை நேரத்துக்கு எடுக்கும் வீட்டில் சாப்பாட்டு நேரமும் தூக்க நேரமும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

ஆறு மாதம் கழித்து

தங்கை: உயரம் 119.7 செ.மீ., எடை 18.9 கிலோ, பிஎம்ஐ 13.2. மெலிவுக் கோட்டைத் தாண்டி மேலே வந்துவிட்டாள், நடு அளவுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. கூடிய 1.7 கிலோவில் இந்த வயதுக்கு இயல்பாகவே ஏறும் எடை ஒரு பங்கு. இரும்புச்சத்து மருந்துக்கு ஒரு பங்கு இருக்கலாம். மெல்ல முடிந்ததற்கு ஒரு பங்கு. எது எவ்வளவு என்று ஒரு குழந்தையை வைத்துப் பிரிக்க முடியாது. சாப்பிட எடுக்கும் நேரம் இருபது நிமிடத்துக்கு வந்திருந்தது. இரவில் அழுது எழுவது மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிட்டதாம். இடது பக்கப் படலமும் வலது பக்க அளவுக்குக் குறைந்திருந்தது. எனக்கு எடையைவிட நம்பகமான சாட்சி இதுதான்.

அண்ணன்: உயரம் 146 செ.மீ., எடை 45.1 கிலோ, பிஎம்ஐ 21.2. இன்னும் அதிக எடைதான். எடை ஏறினாலும் உயரமும் கூடியதால் பிஎம்ஐ கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வளரும் பையனுக்கு அந்தத் திசை போதும். ஈறில் ரத்தம் இரண்டு இடங்களில் மட்டும். பாட்டில் கையில் இருந்தது, உள்ளே தண்ணீர். பள்ளியில் என்ன குடிக்கிறான் என்று கேட்டபோது கீழே பார்த்தான். நானும் மேலே கேட்கவில்லை.

அம்மா இந்தமுறை மூன்றாவது ஆளையும் கூட்டி வந்திருந்தார், இன்னும் இரண்டு வயது நிறையாத கடைக்குட்டி. மேலே நாலு, கீழே நாலு முன்பற்கள். மேல்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக ஒரு கீற்று ஓடியது. சொத்தை குழி விழுவதற்கு முன் காட்டும் முதல் அடையாளம் அது. இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடால் திருப்பிவிடலாம். அரிசி அளவு பற்பசை எப்படி எடுப்பது என்று அம்மாவுக்குக் காட்டினேன். எடையையும் பார்த்து, மூன்று பேருடைய எண்களையும் பல் வரைபடத்தையும் ஒரே தாளில் எழுதினேன். அடுத்த வருகை மூன்று மாதத்தில். அண்ணனின் ஆழமான சொத்தை இருந்த அந்தப் பல்லுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.